வேலப்பண்ணனின் தங்கச்சிகள்

என் மூத்தவனுக்குக் காது குத்திய அன்று காலையில், தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் மணையைப் போட்டுவிட்டு எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். செமோரிலிருந்து வரவழைத்த ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய என் பிள்ளை, நடக்கப்போவது தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தான். சந்தனம் இருந்தது, வாழைப்பழம் இருந்தது, வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனம் முழுக்க இருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன்தான் இல்லை.

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் இல்லாமல் இல்லை. அவன் துறையூர் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டான். அப்பாவும் அம்மாவும் என்னை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு இந்த ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். பிறகு அவர்களும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் லயத்தில் பாதிப் பெண்களின் கதை இதுதான். புருஷன் இங்கே, பிள்ளை இங்கே, கூடப்பிறந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம்.

மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எங்களை வேலை வாங்கும் தண்டலின் மனைவி அன்றைக்குப் பார்த்து அதை வாய்விட்டே சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள்.

அப்போது சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வேலப்பண்ணன் வந்தார். ஈப்போவிலிருந்து துணி மூட்டை கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். அதுவரை எங்களுக்கு அவர் துணிக்காரர், அவ்வளவுதான்.

“நான் ஒக்காரட்டுமா தங்கச்சி?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மணையில் உட்கார்ந்தார். மூட்டையை அவிழ்த்து ஒரு பட்டுத் துண்டை எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றினார். இது மாமன் சீர், காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஊசி இறங்கியதும் என் மகன் அலறிய அலறலில் அவருடைய வெள்ளை வேட்டி நனைந்துவிட்டது. “மருமவன் மொத மரியாதைய செஞ்சிட்டான்லா” என்று அவர் சொல்ல, கூட்டமே சிரித்தது. தண்டல் மனைவியும் சிரித்தாள்.

சிரிக்காமல் நின்றவள் நான் ஒருத்திதான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிறந்த வீடு இல்லாத பெண்ணுக்கு ஒரு பிறந்த வீடு கிடைத்தால் எப்படி இருக்கும் என்பது, அது இருக்கிறவர்களுக்குச் சொன்னால் புரியாது.

சைக்கிளில் வந்த கடை

அந்தச் சைக்கிளை நினைத்தால் இப்போதும் கஞ்சிப்பசை போட்ட புதுத்துணி வாசனை வருகிறது. சம்பளம் போட்ட மறுநாள் சரியாக வந்து நிற்பார். மணி அடிக்க மாட்டார். லயத்து முனையில் நின்று பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்த வீட்டுப் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது என்பது பெற்றவளுக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது.

கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றி வைத்திருப்பார். ரப்பர்ப் பால்மரம் வெட்டிக் காய்ப்புக் காய்த்த கைகள் எங்களுக்கு. அந்தக் கையில் ஒரு வளையல் உடையாமல் ஏற்றிவிடுவார். உடைந்தால் அது தன் கணக்கு என்பார்.

துணியோடு சேதியும் வரும். தாப்பாவில் என் ஒன்றுவிட்ட அக்கா பிள்ளை பெற்றதை அவர் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சிலிம் ரிவரில் பெண் இருக்கிறது, செமோரில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று அவர்தான் இரண்டு பக்கமும் பேசுவார். இப்போது டெலிபோன் செய்கிற வேலையை அப்போது அந்தச் சைக்கிள் செய்தது.

காதுகுத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் பசியாறாமல் அவர் போனதில்லை. வந்தால் மருமகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு லயத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மூட்டையை அவிழ்ப்பார். தீபாவளிக்கு அண்ணன் சேலை என்று எனக்குத் தனியாக ஒன்று வரும். அதைக் கட்டிக்கொண்டு தண்டல் வீட்டு வாசல் வழியாக இரண்டு தடவை நடப்பேன்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, அம்மை போட்டுச் செத்த தன் தங்கையின் கதையைச் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைப் பார்த்தால் அவளைப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். அது மெய்யா பொய்யா என்று கேட்டு எனக்குக் கடிதம் போடாதீர்கள். எனக்கு இன்றுவரை தெரியாது.

அரிசி வாசனை

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் போனார். பால் வெட்டினாலும் வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்ற கதையைப் போன வாரமே எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு வாசகர், கிழங்கில் இத்தனை பலகாரமா என்று வியந்து எழுதியிருக்கிறார். ஐயா, வியக்காதீர்கள். எல்லாம் ஒரே ருசிதான்.

காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போன ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். என் வீட்டுக்காரருக்குக் காலில் ஒரு பழைய வெட்டுக்காயம் ஆறாமல் இருந்தது. அதனால் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முத்தையாவுக்குக் கால் நன்றாக இருந்தது, அவர் போனார். அவர் மனைவி அஞ்சலை என்னைவிட இரண்டு வயது இளையவள், கையில் ஒரு பெண் குழந்தை.

அந்த நாளிலும் வேலப்பண்ணன் வந்தார். விற்கத் துணி இல்லை. டயர் கிடைக்காமல் சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றியிருந்தார். அது தடதடவென்று வருகிற சத்தம் வெகு தூரத்திலிருந்தே கேட்கும். ஒருநாள் என் அடுப்படியில் உட்கார்ந்து மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். ஈப்போவில் ஒரு செட்டியார், நம் சனங்களின் நகையை வாங்கி ஜப்பான்காரன் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறாராம். அதை ஈடாகக் காட்டிக் கெடாவிலிருந்து அரிசி வரவழைக்கிறாராம். ஒரு பவுனுக்கு மாதம் பத்து டின் அரிசி, பால் டின் அளவில். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் நகை அப்படியே கைக்கு வந்துவிடும். எழுத்து மட்டும் கிடையாது, சீட்டு ஜப்பான்காரன் கையில் அகப்பட்டால் எல்லோர் தலையும் போகும் என்றார்.

என் அம்மா போட்டுவிட்ட சங்கிலியை அந்த இடத்திலேயே கழற்றிக் கொடுத்தேன்.

வீட்டுக்காரர் வந்து கேட்டார், ஒரு துண்டுக் காகிதம்கூட வாங்கவில்லையா என்று. வந்ததே எனக்குக் கோபம்! என் அண்ணனிடம் சீட்டுக் கேட்கச் சொல்கிறீர்களா, உங்கள் அக்காளிடம் இப்படிக் கேட்பீர்களா, என் பிறந்த வீடு என்றால் அவ்வளவு இளப்பமா என்று ஒரு பிடி பிடித்தேன். மனிதர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் அரிசி வந்தது. உண்மையான வெள்ளை அரிசி. உலை கொதித்ததும் அந்த வாசனை பலகைச் சுவர் இடுக்கு வழியாக லயம் முழுக்கப் போனது. மாதக்கணக்காகச் சோற்றைக் கண்ணால் பார்க்காதவர்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடாதே தங்கச்சி என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

மூச்சு விடாதே என்றால் எத்தனை நாளைக்கு அடக்கி வைப்பேன்? இரண்டாம் மாதம் அரிசி வந்ததும் நானே ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். இதை நன்றாகக் கவனியுங்கள். வேலப்பண்ணன் எங்கள் லயத்தில் எவள் வாசலிலும் நின்று நகை கேட்டதில்லை. கேட்டதெல்லாம் நான்தான். என் முந்தானையில் முடிந்து கொண்டுபோய் நான்தான் அவர் கையில் வைத்தேன். தண்டல் மனைவியின் கம்மலும் அதில் உண்டு.

மாட்டேன் என்றவள்

அஞ்சலை மட்டும் மாட்டேன் என்றாள். அவளிடம் தங்கம் என்று இருந்தது தாலி ஒன்றுதான். புருஷன் சயாமில் கிடக்கும்போது அதைக் கழற்றுவேனா என்று அழுதாள்.

நான் விட்டேனா? குழந்தைக்குக் கிழங்குத் தண்ணீரைக் கொடுத்து அதன் வயிறு ஊதிப்போயிருந்தது. அதைக் காட்டிக் காட்டியே நாலு நாள் பேசினேன். மஞ்சள் துண்டைக் கயிற்றில் கட்டிக்கொண்டால் அதுவும் தாலிதான் என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். ஐந்தாம் நாள் கோயில் முன்னால் நின்று தங்கத்தைக் கழற்றிவிட்டு மஞ்சளைக் கட்டிக்கொண்டாள்.

“ஒங்க அண்ணன் நல்லவருதானேக்கா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

என் பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்தவன் என்றேன். தாலியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

அவளுக்கு இரண்டு மாதம் அரிசி வந்தது. குழந்தையின் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டது. எல்லாம் நான் செய்த புண்ணியம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பிறகு அரிசியில் பாதி நொய்யாக இருந்தது. அடுத்த மாதம் சுண்ணாம்பு கலந்த அரிசி, அதுவும் ஆளுக்கு மூன்று டின். வழியெல்லாம் சோதனை என்றார் அண்ணன், நம்பினோம். அதற்கடுத்த மாதம் சைக்கிள் சத்தமே கேட்கவில்லை. அதற்கும் அடுத்த மாதம், நான் குடத்தைக் கொண்டுபோய் வைத்தால் கிணற்றடியில் பேச்சு நின்றுபோனது.

கடை வாசலில்

கிழங்கு ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்றில் ஏறி ஈப்போவுக்குப் போனேன். அண்ணனுக்கென்று கிழங்கு வடை சுட்டு இலையில் கட்டி எடுத்துப் போனேன் பாருங்கள்! அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. காய்ச்சலாகக் கிடக்கிறாரோ, சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டானோ என்றுதான் நினைத்தேன்.

ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு காக்கா கடை. இராமநாதபுரத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர் மளிகை வைத்திருந்தார். அப்போது அலமாரியெல்லாம் காலி. அந்தக் கடைக்கு மேல் அறையில்தான் அண்ணன் குடியிருந்தார். கடை வாசலில் ஏழெட்டுப் பெண்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலப்பண்ணனைக் கேட்டதும், காக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயும் தங்கச்சியாம்மா?” என்றார்.

ஆமாம் என்று பெருமையாகச் சொன்னேன். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆள் போய் ஒரு மாதமாகிறது, அறையில் ஒரு கயிறுகூட இல்லை, நீயும் போய் அவர்களோடு உட்கார் என்றார் காக்கா. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்.

உட்கார்ந்தேன். தாப்பாவிலிருந்து வந்த ஒருத்தியின் மகளுக்கு வேலப்பண்ணன்தான் தாய்மாமன். சிலிம் ரிவரிலிருந்து வந்தவளின் இரண்டு மகன்களுக்கும் அவர்தான். ஒவ்வொருத்தியும் தன்னைத்தான் அவர் செத்துப்போன தங்கை மாதிரி நினைத்தார் என்றாள். ஒருத்திக்கு அந்தத் தங்கை அம்மையில் செத்திருந்தாள், இன்னொருத்திக்குப் பாம்பு கடித்துச் செத்திருந்தாள். ஒவ்வொருத்தியும் தன் லயத்துப் பெண்களின் நகையை வாங்கிக் கொடுத்திருந்தாள், என்னைப் போலவே.

மாதங்களைச் சேர்த்துப் பார்த்தோம். செமோர் பக்கத்தில் எங்கள் வீட்டில் சோறு பொங்கியபோது தாப்பாவில் நகை கழன்றிருக்கிறது. தாப்பாவில் பொங்கியபோது சிலிம் ரிவரில். ஒருத்தி நகையை விற்று இன்னொருத்திக்கு அரிசி போட்டிருக்கிறார், மிச்சம் அவர் பையில். செட்டியாராவது மண்ணாவது! அப்படி ஒரு ஆளே கிடையாது, நகையெல்லாம் பின்தெருவில் உருகிப்போனது என்று காக்கா சொன்னார்.

ஜப்பான் போலீசிடம் போய்ச் சொல்வோம், எங்கே போயிருந்தாலும் பிடித்துக்கொண்டு வரட்டும் என்று குதித்தேன். சிலிம் ரிவர்க்காரி எங்கள் எல்லோருக்கும் மூத்தவள். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“புடிச்சா தலைய வெட்டி பாலத்துல வைப்பான். நீ போயி பாப்பியா? நான் ரெண்டு புள்ளைய அந்தாளு மடியில வச்சிருக்கேன்லா. என்னால முடியாது.”

யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். கொண்டுபோன வடையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிட்டுத் தின்றோம். யார் யார் எந்தத் தோட்டம் என்று விசாரித்துக்கொண்டோம். பிறகு அவரவர் வண்டியைப் பார்த்துக் கிளம்பினோம்.

டீச்சர் கேட்டது

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் பெண் போன மாதம் ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினாள். திருவிழாவில் முன்னால் நிற்கிற ஒரு பெரிய மனிதர், கூடுதல் வட்டி தருகிறேன் என்று ஊர்ப்பணத்தை வாங்கிக்கொண்டு காணாமல் போயிருக்கிறார். படித்தவர்கள் எப்படிப் பெரியம்மா ஏமாந்தார்கள் என்று கேட்கிறாள்.

முகம் தெரியாதவன் வந்து கேட்டிருந்தால் நாயை அவிழ்த்துவிட்டிருப்பார்கள் என்றேன். மைத்துனன் சொல்லியிருப்பான், சம்பந்தி சொல்லியிருப்பார், கூட வேலை செய்கிறவர் தன் கைக்கு வந்த வட்டியைக் காட்டியிருப்பார். அவர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. நானும் அஞ்சலையிடம் பொய் சொல்லவில்லையே, என் வீட்டில் சோறு பொங்கியது மெய்தானே? அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ என்னவோ, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனாள்.

வேலப்பண்ணனை நான் மறுபடி பார்க்கவில்லை. மேடானில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், நாகப்பட்டினத்தில் பார்த்ததாக இன்னொருவர். கோபம் இல்லையா என்றால், நேரில் கண்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். ஆனால் வெட்கத்தைவிட்டு ஒன்று சொல்கிறேன். அவர் லயத்து முனையில் நின்று என் மகனைக் கூப்பிடுகிற குரல் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது, கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அந்த மாதிரி ஒரு குரல் என் வீட்டு வாசலில் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

அஞ்சலை

ஈப்போவிலிருந்து திரும்பியதும் தண்டல் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். மண்ணை வாரித் தூற்றினாள். மற்றவர்களும் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார்கள். எனக்குச் சேரவேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். அஞ்சலை வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. பக்கத்து வாசல், பத்தடி இருக்குமா?

அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அண்ணன் ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னேன். கத்தி நிற்கவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“அவரு யாரு எவருன்னு எனக்கு என்னக்கா தெரியும்? நான் ஒங்ககிட்டதானே குடுத்தேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

ஜப்பான் சண்டை முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டுக் கிழங்கில் பாதி அவள் வீட்டுக்குப் போனது. அவள் பேச்சை நிறுத்தவில்லை, என் மகனைத் தூக்கி வைத்துக்கொள்வதையும் நிறுத்தவில்லை. தாலியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சயாமிலிருந்து சேதி ஒன்றும் வராத ஒவ்வொரு மாதமும், நான்தான் அதைக் கழற்றச் சொன்னேன் என்று மனது என்னைப் போட்டுக் குத்தும்.

முத்தையா வந்த நாள்

லாரி நிறையப் போனவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான் திரும்பி வந்தார்கள். முத்தையா ஒரு மத்தியானம் செமோர் சாலையிலிருந்து நடந்தே வந்தார். குச்சி மாதிரி இருந்தார். காலில் புண்ணுக்குக் கந்தல் சுற்றியிருந்தது. குழந்தை அவரைப் பார்த்துப் பயந்து என் காலைக் கட்டிக்கொண்டது.

நான் ஓடிப்போய்க் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து அஞ்சலையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றில் மஞ்சள் துண்டு மட்டும் கிடந்தது.

“தாலி எங்க?” என்றார்.

சொல்லிவிடுவது என்றுதான் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

“வித்துட்டேன். புள்ளைக்கு சோறு போட வேற வழி இல்ல. அக்காதான் கூட வந்து நல்ல வெலைக்கு வித்துக் குடுத்தாங்க.”

முத்தையா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் அக்கா என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டு கஞ்சியை அவர் கையில் கொடுத்தேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு அவளைத் தனியாகக் கேட்டேன். உண்மை தெரிந்தால் அவர் உங்கள் வாசலை மிதிக்க விடமாட்டார், உங்களை விட்டால் எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்றாள்.

பல வருஷம் கழித்து, பால் வெட்டிச் சேர்த்த காசில் தாலிக்குத் தங்கம் வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். வாங்கினால் அவருக்கு என்ன காரணம் சொல்வது என்று கேட்டாள். எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

முத்தையா காலமாகி வெகு நாளாகிறது. அஞ்சலை போன தை மாதம் போனாள். அந்தக் குழந்தை இப்போது ஈப்போவில் பேத்தி எடுத்துவிட்டாள். பெரியம்மா இல்லாவிட்டால் நான் அன்றைக்கே செத்திருப்பேன் என்று அப்பா சொல்லிக்கொடுத்ததை, அவள் இன்னும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தொடர் வெளிவந்த அன்றே படித்துவிட்டு முதலில் எனக்குப் போன் செய்பவளும் அவள்தான். இந்த வாரம் செய்வாளா என்று தெரியவில்லை.